பனிக்கட்டிக் கணக்கு

மூன்றாம் முறையாகத் திரும்பி வந்துவிட்டது படிவம்.
பதினேழாம் கட்டத்தைச் சுற்றி
சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம்:
"தனியார் பங்களிப்பு. தொகை, யென்னில்."

குரோஹமா நகராட்சி என்பது இப்போது
இரண்டு சரக்குப் பெட்டகங்கள்.
ஒன்றில் நான், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு,
உப்புப் பூத்த பதிவேடுகள்.
முத்திரைகள் எல்லாம் கடலுக்குள்.
முத்திரை இல்லாமல் ஒரு சைக்கிள்கூட
இந்த ஊரில் கைமாறியதில்லை.

முதல் கூட்டத்தில்
எல்லோரும் நியாயமாகத்தான் பேசினார்கள்.
பனிக்கட்டி இல்லாமல் படகு எதற்கு என்றார்
மீனவர் சங்கத்து ஓய்காவா.
படகே இல்லாமல் ஆலை எதற்கு என்றார் குவாபாரா.
ஆலை எழும்பட்டும், கம்பம் நடுகிறோம் என்றது மின் நிறுவனம்.
சாலை வரட்டும், கடன் தருகிறோம் என்றது வங்கி.
நிலத்தை ஒன்றரை மீட்டர் உயர்த்தாமல்
சாலை கிடையாது என்றேன் நான்.
அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.
உயர்த்த வேண்டிய நிலத்துக்கு
நாற்பத்தொரு சொந்தக்காரர்கள்.
அதில் பத்தொன்பது பேரிடம்
இனிக் கையெழுத்து வாங்க முடியாது.

பூனை இருந்தது, மணியும் இருந்தது.
கட்ட வேண்டிய கைகள்
சட்டைப்பைக்குள் இருந்தன.

ஓய்காவா எழுந்து ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டே சொன்னார்:
"செப்டம்பரில் நான் கடலுக்குப் போகிறேன்.
பனிக்கட்டி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.
அழுகுகிற மீனைப் பங்கு வைத்து
உங்கள் ஒவ்வொருவர் வாசலிலும் கொட்டுவேன்."

யாரும் சிரிக்கவில்லை.
மறுநாள் காலை ஏழு மணிக்கு
மின் நிறுவனத்துப் பையன்
அளவுநாடாவோடு சேற்றில் நின்றான்.
பத்தொன்பது பேரின் வாரிசுகளைத் தேடி
வங்கியின் காரில் நான் போனேன்,
வங்கியின் பெட்ரோலில்.
அது விதிக்குப் புறம்பு,
இங்கே எழுதியும் விட்டேன்.
ஒப்பந்தத்தன்று மை இல்லை.
கிளை மேலாளர் தன் கைப்பையைத் துழாவினார்.
உதட்டுச்சாயத்தில் பதிந்தன
ஐந்து பெருவிரல்கள்.

இவ்வளவுக்கும் படிவத்தில் கட்டம் உண்டு.
பதினேழுதான் சிக்கல்.

மார்ச்சில், அலை போன மூன்றாம் நாள்,
பாதிக் கூரை பறந்த கிடங்கிலிருந்து
மிஞ்சிய பனிக்கட்டியைக் குவாபாரா
கைவண்டியில், குழந்தைத் தள்ளுவண்டியில்,
ஒரு கதவுப்பலகையில் வைத்து
பள்ளி உடற்பயிற்சிக் கூடத்துக்கு இழுத்தார்.
மீனுக்காக உறைந்தது அது.
கூடைப்பந்துக் கோடுகளுக்கு நடுவே
வரிசையாய்ப் படுத்திருந்தவர்களுக்கு இடையில்
அடுக்கினோம்.
என் கையில் எண் அட்டைகள்.
முப்பத்தாறாம் எண், ஷிஸுயோவின் கணவர்.

விலை கேட்கப் போனேன்.
குழாயின் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தவர்
திரும்பவே இல்லை.
"தொகை என்றால் பில் போட வேண்டும்.
எந்த வீட்டுக்கு அனுப்ப, நீயே சொல்."

செப்டம்பரில் புது இயந்திரம் இருமி இருமி
முதல் பனிக்கட்டியைத் துப்பியது.
படகு மூன்றுதான். சன்மா மீன் நிறைய.
தரம் பிரிக்கும் மேடையில் ஷிஸுயோவுக்கு வேலை.
வெகுநேரம் கையுறையைக் கையிலேயே வைத்திருந்தாள்.
"இது அதே இயந்திரமா?"

"இல்லை" என்றேன்.
"புதியது. அரசு ஐம்பது சதவீதம்,
வங்கிக் கடன் முப்பது,
குவாபாரா பன்னிரண்டு, சங்கம் எட்டு."
ஆறுதல் சொல்ல எனக்கு வராது.
கூட்டினால் நூறு வருகிறதா என்று
மனத்துக்குள் பார்த்திருப்பாள் போல.
பிறகு கையுறையை மாட்டினாள்.

நான்காம் முறை அனுப்பிவிட்டேன்.
பதினேழில் எழுதியது:
நாலாயிரத்து இருநூறு கிலோ.
கட்டம் சிறியது.
கிலோ
வெளியே நிற்கிறது.